துடைப்பம் யார் கையில்

1908 டிசம்பர் 28 அதிகாலையில் சிசிலித் தீவின் மெசினா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. இடிபாடுகளுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய அறுபது பேரை ரோமாபுரிக்குக் கொண்டுவந்து, வியா ஜூஸ்தி என்ற தெருவிலிருந்த கன்னியர் மடத்தில் சேர்த்தார்கள். யார் பெற்ற பிள்ளைகள், என்ன பெயர் என்று சொல்ல ஆளில்லை. குழந்தைகள் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, இரவில் அலறினார்கள். கல்வியாளர் மரியா மாண்டிசோரி அந்த மடத்தில் தன்னுடைய பள்ளிகளில் ஒன்றைத் தொடங்கினார். அங்கே நடந்ததைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். குழந்தைகளின் உயரத்துக்கு மேசை, நாற்காலி, கைக்கு அடக்கமான தட்டு, கிண்ணம். மேசைக்கு விரிப்பு போடுவது, தட்டு வைப்பது, சூப்புப் பாத்திரத்தைச் சிந்தாமல் ஏந்தி வருவது, பரிமாறுவது, கழுவி அடுக்குவது என்று ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்து காட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பசி திரும்பியது. தூக்கம் திரும்பியது. பிறகு ஓட்டமும் சிரிப்பும்.

இந்த நிகழ்ச்சியை மாண்டிசோரியின் கல்வி முறைக்குக் கிடைத்த வெற்றியாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. சூப்புப் பாத்திரத்தைத் தூக்கி வரும் நான்கு வயதுக் குழந்தைக்கு எதிரே, பசியோடு இன்னொரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. கை நடுங்கினால் சிந்துவது அந்தக் குழந்தையின் சாப்பாடு. பயிற்சிக்காகக் காலிக் கிண்ணத்தை ஏந்தி நடப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. எல்லாவற்றையும் இழந்த ஒரு பிள்ளைக்கு, தன்னால் இன்னொருவர் வயிறு நிறைகிறது என்ற அறிவு கையின் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கையால் கற்பது என்று நாம் எதைச் சொன்னாலும், அந்தக் கையின் வேலை யாரைப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது என்று நம்புகிறேன்.

அந்த மடத்தை நடத்தியவர்கள் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணிச் சகோதரிகள். இந்தச் சபை பிறந்த இடம் ரோமும் அல்ல, பாரிசும் அல்ல, உதகமண்டலம். அதை நிறுவிய எலன் தெ ஷப்போத்தேன் என்ற பிரெஞ்சுப் பெண் 1865-இல் மதுரை மிஷனுக்குத் துறவியாக வந்தவர். தூத்துக்குடியிலும் திருச்சியிலும் வேலை செய்த பிரெஞ்சுக் கன்னியர்களிடையே பிளவு ஏற்பட்டு, 1876-இல் இருபது பேர் பிரிந்து நீலகிரிக்கு ஏறினார்கள். 1877 ஜனவரி 6 அன்று, மூன்று ராஜாக்கள் திருநாளில், பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அவர்களைப் புதிய சபையாக ஏற்றுக்கொண்டார். சென்னைவாசிகளுக்கு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைச் சொன்னால் இந்தச் சபை எது என்று உடனே விளங்கிவிடும். சரியாக முப்பது வருடம் கழித்து, 1907-இன் அதே மூன்று ராஜாக்கள் திருநாளில்தான் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். தேதிப் பொருத்தத்துக்கு நான் எந்த அர்த்தமும் ஏற்றவில்லை. ஆனால் நீலகிரிக் குளிரில் தொடங்கிய ஒரு சபையின் மடத்தில்தான் மெசினாக் குழந்தைகள் பரிமாறக் கற்றார்கள் என்பது, தமிழ்நாட்டில் கிறிஸ்தவப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது சொல்லப்பட வேண்டிய செய்தி.

மாண்டிசோரியும் பின்னால் இங்கே வந்தார். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு. இத்தாலி போரில் இறங்கியதும் இத்தாலியர் என்பதால் கட்டுப்பாடு. 1942 முதல் 1944 வரை கொடைக்கானல். சோலைகளும் ஏரியுமாக இருந்த அந்த ஊரில், வயது பிரிக்காமல் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகள் செடிகொடிகளையும் நீர்வாழ் உயிர்களையும் சேகரித்து வந்து கவனித்துப் படித்தார்கள். கத்தோலிக்கரான அவர் தங்கியது பிரம்மஞானிகளின் நிழலில் என்பதால், அவருடைய சமயப் பக்கம் இங்கே அதிகம் பேசப்படவில்லை. 1915-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பார்சிலோனாவில் அவருடைய வழியில் நடந்த பள்ளியொன்றில் குழந்தைகளே கோதுமை விதைத்தார்கள், திராட்சைக்கொடி வளர்த்தார்கள். விளைந்ததெல்லாம் திருப்பலிக்கு அப்பமும் இரசமும் ஆவதற்காக. மண்ணைக் கொத்துவதும் முளை வரும் நாளை எண்ணிக் காத்திருப்பதும் அறுப்பதும் பூசையில் கொண்டுபோய் வைப்பதும் அவர்களுக்கு ஒரே பாடம். இயற்கை அறிவியல் எங்கே முடிகிறது, ஞானோபதேசம் எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கோடு போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள்.

நம் ஊர் ஆர்.சி. தொடக்கப்பள்ளிகளுக்கு மாண்டிசோரி பெயர் தெரியாத காலத்திலும் கைவேலையும் பாடமும் வழிபாடும் ஒன்றாகும் இந்த வழக்கம் கொஞ்சம் இருந்தது. தென்மாவட்டக் கிராமமொன்றில் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவன் நான். பள்ளியும் கோயிலும் ஒரே வளாகம், நடுவில் வேப்பமரம், ஓரத்தில் மாதா கெபி. சம்பளம் அரசு கொடுக்கும், நிர்வாகம் சிஸ்டர்கள். படிக்கிற பிள்ளைகளில் பாதிக்குமேல் கத்தோலிக்கர் அல்லாதவர்கள். எங்களுக்கு ஞானோபதேசம் நடக்கும் நேரத்தில் அவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அந்த ஒரு மணி நேரம் தவிர மற்றதெல்லாம் சேர்ந்துதான்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வகுப்பில் பாடம் நடக்காது. இளமஞ்சளாக இருக்கும் பனங்குருத்தைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். அதை ஈர்க்கு நீக்கிக் கிழித்து, மடித்து, சிலுவையாகப் பின்ன வேண்டும். கிழிக்கும்போது நரம்போடு போகாவிட்டால் ஓலை குறுக்கே பிளந்துவிடும். மடிப்பை நகத்தால் அழுத்தாவிட்டால் சிலுவையின் கை தொங்கும். இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது டீச்சர் அல்ல. பனையேறி வீட்டுப் பையன் ஒருவன், கணக்கில் எப்போதும் கடைசி. அவன் ஓலையை வாங்கிக் கண்ணால் பார்க்காமலே விரலால் நரம்பைத் தடவிக் கிழிப்பான். சிலுவை முடிந்ததும் மிச்ச ஓலையில் கிளியும் கிலுகிலுப்பையும் செய்வான். முதல் ரேங்க் வாங்குகிறவர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து, “இங்க எப்படில மடிச்ச, திருப்பிக் காட்டு” என்று கேட்டார்கள். அவன் கத்தோலிக்கனும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பவனியில் ஊரே தூக்கிக்கொண்டு போன சிலுவைகளில் பெரும்பாலானவை அவன் சொல்லிக்கொடுத்து ஆனவை.

அந்த ஓலைச் சிலுவைகள் ஒரு வருடம் வீட்டுச் சுரூபப் படங்களுக்குப் பின்னால் செருகியிருக்கும். அடுத்த தவக்காலம் வருமுன் பிள்ளைகள் வீடுவீடாகப் போய்க் காய்ந்த ஓலைகளைச் சேகரித்து வருவார்கள். கோயில்பிள்ளை அதை எரித்து, துணியில் சலித்துச் சாம்பல் எடுப்பார். சாம்பல் புதனன்று நெற்றியில் சாமியார் பூசுவது அந்தச் சாம்பல்தான். குருத்து, ஓலை, சருகு, சாம்பல் என்று ஒரு பொருள் ஓராண்டில் எடுக்கும் உருவங்களை ஒரு பிள்ளை கையால் தொட்டே அறிந்துவிடுகிறது. இதற்கு எந்தப் பாடநூலும் வேண்டியிருக்கவில்லை. திருவழிபாட்டு ஆண்டே பாடத்திட்டமாக இருந்தது.

கிறிஸ்மஸ் குடிலும் அப்படியே. சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கினால் மலை வரும். குளத்துக் களிமண்ணில் ஆடு மாடு. குடிலின் முன்னால் பச்சை வயல் வேண்டும் என்றால் கேழ்வரகைத் தட்டில் விதைக்க வேண்டும். எப்போது விதைத்தால் டிசம்பர் 24 இரவில் சரியான உயரம் இருக்கும்? சீக்கிரம் விதைத்தால் முற்றிச் சாயும், தாமதித்தால் முளை மட்டும் தெரியும். மழை மூட்டமாக இருந்தால் வெளிறிப் போகும், அதனால் தட்டை வெயில் பார்த்துத் தூக்கி மாற்ற வேண்டும். விடுமுறை விட்ட பிறகும் பிள்ளைகள் தண்ணீர் தெளிக்க வருவார்கள். ஒளிச்சேர்க்கை என்ற சொல்லை ஐந்தாறு வருடம் கழித்துப் படித்தபோது, அது எங்களுக்குப் புதிய செய்தியாக இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு இங்கே நிறுத்தினால் அது பழைய நாளுக்குப் பாடும் தாலாட்டாகிவிடும். தமிழ்நாட்டில் கையால் செய்யும் வேலையைக் கல்வி என்று சொல்கிற யாரும் 1953-ஐத் தாண்டித்தான் வர வேண்டும். ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியார் எதிர்த்தார். தமிழ்ச் சமூகம் சேர்ந்து எதிர்த்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் கைவேலையை இழிவாக நினைத்தவர்கள் அல்லர். இந்த மண்ணில் எந்த வேலை எந்தக் கைக்கு என்பது பிறக்குமுன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது; பள்ளிக்கூடம் ஒன்றுதான் அந்த எழுத்தை அழிக்கிற இடம்; அதையும் சலவைத்துறைக்கும் பனைமரத்துக்கும் திருப்பி அனுப்புகிறார்களே என்பது அவர்களுடைய ஆவேசம். அது நியாயமான ஆவேசம். அதன் பயனாகப் படித்து மேலே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

மாண்டிசோரி வகுப்பறையில் மூன்று வயதுக் குழந்தை சின்னத் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினால், ஐரோப்பியத் தாய்க்கு அது அழகாகத் தெரியும். இங்கே துடைப்பத்துக்குச் சாதி இருக்கிறது. கழிவறை கழுவ எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்பதைச் செய்தித்தாள்களில் நாம் எத்தனையோ தடவை படித்துவிட்டோம். தலித் பிள்ளையின் கையில் வாளியும் விளக்குமாறும் கொடுத்து அதற்கு வாழ்க்கைக் கல்வி என்று பெயர் சூட்டினால், அது கொடுமை. கத்தோலிக்கப் பள்ளி என்பதால் இதிலிருந்து தப்பிவிடவும் முடியாது. வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கமாக ஆட்களைப் பிரித்த சுவர் நின்றது, 1910-இல்தான் அது இடிந்தது. கல்லறையில் பிரிவினை இன்னும் பல பங்குகளில் தீரவில்லை. வார்த்தை மனுவுருவானார் என்று மண்டியிடுகிற சபை, அந்த மனுவுரு ஒரு தச்சன் வீட்டில் வளர்ந்ததைத் தினமும் சொல்லிக்கொண்டே, வேலை செய்கிற கையைத் தள்ளி உட்காரவைத்திருக்கிறது.

அதனால் ஒரு பள்ளியின் கைவேலைக் கல்வியை நான் ஒரே இடத்தில்தான் பார்க்கிறேன்: சுவரில் ஒட்டியிருக்கும் வேலைப் பட்டியல். காலையில் வகுப்பு கூட்டுவது, பானையில் தண்ணீர் நிரப்புவது, தோட்டத்துக்கு ஊற்றுவது, சாப்பாட்டுக்கு முன் வாளி தூக்குவது, கெபியைச் சுத்தம் செய்வது. இவற்றில் எல்லாப் பெயரும் சுழல்கிறதா? ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி வருகிறார்களா? ஊர்ப் பெரியவர் மகன் கூட்டுகிற வாரம் உண்டா? கழிவறைக்குப் பள்ளி தனியே ஆள் வைத்து, நியாயமான சம்பளம் கொடுக்கிறதா? எங்கள் பள்ளியில் ஒரு தலைமை சிஸ்டர் இருந்தார். பண்ணை வீட்டுப் பையனுக்கு முதன்முதலாகத் துடைப்பம் வந்த வாரம் அவன் தாத்தா பள்ளிக்கே வந்துவிட்டார். சிஸ்டர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். “ஐயா, எனக்கும் செவ்வாய்க்கிழமை முறை இருக்கு. பட்டியல்ல பாருங்க” என்றார். உண்மையாகவே அவர் பெயரும் இருந்தது. தாத்தா எதுவும் சொல்லாமல் போனார். பையன் கூட்டினான்.

முறை மாறி மாறி வருவது என்ற இந்தச் சின்ன ஏற்பாடு வேலையின் குணத்தையே மாற்றுகிறது. குலத்தின் பெயரால் வந்த வேலை பிள்ளையைக் கட்டிப்போடும். முறைப்படி வந்த வேலையில் அது இன்னொருவரின் நேற்றைய உழைப்பைத் தன் தோளில் உணரும். “எலே, நேத்து நீ தொட்டிய நிறைக்காமப் போயிட்ட, இன்னைக்கு நான் ரெண்டு நடை நடந்தேன்” என்று ஒன்பது வயதுப் பிள்ளை சண்டை போடும்போது, அது நீதியைப் பற்றித்தான் பேசுகிறது. பனையேறி மகன் ஓலை மடிக்கக் கற்றுக்கொடுத்ததற்கும் இதுவே பொருந்தும். அவன் மட்டும் எல்லோருக்கும் சிலுவை பின்னிக் கொடுத்திருந்தால், அப்பாவின் தொழில் பள்ளிக்குள்ளும் அவனைத் துரத்தி வந்ததாகியிருக்கும். அவன் ஆசிரியனாக உட்கார்ந்து, மற்றவர்கள் விரலில் ஓலை கிழிபட்டபோது, அந்தத் தொழில் எல்லோருக்கும் பொதுவான அறிவாயிற்று.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் ஆர்.சி. தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புற அனுபவத்திலிருந்து எடுத்தது, மாண்டிசோரியின் சாயலும் அதில் உண்டு. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை இறங்கியது. தலைக்குமேல் கட்டிய கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தவை தொங்கின. பாடங்களின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். அறுவடைக்கு ஊர் போய் வந்த பிள்ளையும் காய்ச்சலில் படுத்த பிள்ளையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்பது ஏழை வீடுகளுக்குப் பெரிய கருணை. பின்தங்கியவன் என்ற முத்திரை குறைந்தது. இதைக் கிண்டல் செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. அட்டையில் தொடங்கிய வேலை அட்டையிலேயே முடிந்தது. மணி கோத்து எண்ணினாலும், படத்தைப் பொருத்தினாலும், பிள்ளை முடித்ததும் அடுத்த அட்டை. அந்த மணி மாலை யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, சக மாணவர் துணையுடன் கற்கும் குழு. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரும் நேரம். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் எத்தனை அட்டை முடிந்தது என்று கணக்கெடுத்தார்கள். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க அவர்களுடைய படிவத்தில் இடமில்லை. இப்போது எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்திருக்கிறது. பாடலும் பொம்மையும் கூடியிருக்கின்றன, நல்லதுதான். ஆனால் பிள்ளையின் வேலை யாரைப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வி அதேதான்.

அட்டையில்லாமலே தினமும் நடக்கும் பாடம் மதியச் சாப்பாடு. 1956-இல் காமராஜர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, உதவிபெறும் பள்ளிகளிலும் உண்டு. காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவானபோது, 2024 ஜூலை 15 அன்று முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்ததும் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் பெயரைத் தாங்கிய தொடக்கப்பள்ளியில்தான். சமைப்பவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த பெற்றோர்கள் இந்த மாநிலத்தில் உண்டு. அந்த ஊர்களில் ஒரு கரண்டி சாம்பாரைப் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் ஊற்றுவது எத்தனை பெரிய பாடம் என்று எண்ணிப் பாருங்கள். திருவிருந்து என்ற சொல்லை ஞாயிறுதோறும் உச்சரிக்கிற நிர்வாகம், திங்கள் மதியம் யார் பரிமாறுகிறார்கள், யார் தனியாக டிபன்பாக்ஸ் திறக்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்கக் கூடாது.

இன்றைக்கு இதைவிடக் கடினமான ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. பல ஊர்களில் அதே வளாகத்தில், அதே சபை, ஆங்கில வழிப் பள்ளி ஒன்றையும் நடத்துகிறது. பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். தமிழ்வழித் தொடக்கப்பள்ளியில் மிஞ்சியவர்கள் கூலி வேலைக்காரர் பிள்ளைகள், பெரும்பாலும் தலித்துகள். நூற்றுக்கணக்கில் படித்த இடத்தில் இப்போது ஒற்றை இலக்கத்தில் வகுப்புகள். ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. சட்டை நிறம் வேறு, மணி அடிக்கும் நேரம் வேறு, வாசலும் வேறு. பண்ணை வீட்டுப் பிள்ளையும் பனையேறி வீட்டுப் பிள்ளையும் இனி ஒரே பட்டியலில் வரமாட்டார்கள். வடக்கன்குளத்துச் சுவரை இடித்தார்கள், கட்டணம் என்ற சுவர் அதைவிடச் சத்தமில்லாமல் எழும்பிவிட்டது. சபைகளுக்கும் நெருக்கடி இருக்கிறது. உதவிபெறும் பள்ளியில் கட்டடம் பழுது பார்க்கவும் காசில்லை, ஆங்கிலப் பள்ளியின் வருமானத்தில்தான் கூரை நிற்கிறது என்று சிஸ்டர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். பெற்றோரின் ஆங்கில ஆசையையும் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் தோட்டம் இரண்டு தேவையில்லை. கெபியும் ஒன்றுதான், வேப்பமரமும் ஒன்றுதான். குடில் ஒன்றாகக் கட்டலாம். கேழ்வரகுத் தட்டுக்கு இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் முறைவைத்துத் தண்ணீர் தெளிக்கலாம். குருத்தோலையை ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்து மடிக்கலாம், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்து. வாரத்தில் ஒரு மதியம் எல்லோரும் சத்துணவுக் கூடத்து வரிசையில் சேர்ந்து உட்கார, ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அந்தப் பள்ளியே அரிசி கொடுக்கலாம், இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் வாளியைப் பிடித்துப் பரிமாறலாம். பெருக்கும் பட்டியலில் இரு பள்ளிப் பெயர்களும் கலந்து வரட்டும். வரும் தாத்தாக்களுக்குத் தண்ணீர் கொடுத்துப் பட்டியலைக் காட்ட ஒரு சிஸ்டர் வேண்டும், அவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். இதற்கு அரசாணை வேண்டாம், ஆயர் இல்லத்துச் சுற்றறிக்கை வேண்டாம். ஒரே மடத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்காருகிற இரண்டு தலைமையாசிரியைகள் பேசி முடிவெடுத்தால், வரும் ஜூனிலேயே தொடங்கிவிடலாம்.